புதிதாகச் சேர்த்த ரெக்கார்டின் ஐடியை எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் மாங்காய் மண்டிகளுக்கும் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கும் வரத்து, எடை, பட்டுவாடா சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் வேலை. பர்கூரிலும் தர்மபுரி செட்டிக்கரையிலும் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்திலேயே அடியுங்கள்.

ரெக்கார்டைச் சேர்த்தாயிற்று. அதன் ஐடி எதற்கு உடனே வேண்டும்?

மண்டிக்கு ஒரு டெம்போ மாங்காய் வருகிறது. 'வரத்து' டேபிளில் ஒரு வரி போடுகிறோம்: யார், எந்த ஊர், எந்த ரகம், எந்த வண்டி. அந்த லோடைத் தரம் பிரித்ததும் முதல் ரகம் இத்தனை கிலோ, இரண்டாம் ரகம் இத்தனை, கழிவு இத்தனை என்று 'வரத்து_விவரம்' டேபிளில் மூன்று நான்கு வரிகள் போகும். அந்த ஒவ்வொரு வரியிலும் அது எந்த வரத்தைச் சேர்ந்தது என்று வரத்தின் ஐடி (அந்த வரிக்கான தனி அடையாள எண்) இருக்க வேண்டும். ஐடியை உருவாக்குவது டேட்டாபேஸ். நமக்கு அது தெரிந்தால்தான் அடுத்த வரியை எழுத முடியும்.

இப்படி அதைச் சார்ந்த இன்னொரு டேபிள் (பிள்ளை டேபிள்) எதுவும் இல்லாவிட்டாலும் எடைச்சீட்டில் அச்சிடவும், சேமித்த பதிவைத் திரையில் மறுபடி திறந்து காட்டவும் ஐடி தேவைப்படும்.

'செலக்ட் மேக்ஸ்(ஐடி)' போட்டால் வந்துவிடுகிறதே, அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சீசன் உச்சத்தில் மண்டியில் இரண்டு கவுண்டரில் பதிவு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கவுண்டரில் காவேரிப்பட்டினத்து விவசாயியின் செந்தூரா லோடு. இன்சர்ட் (வரியைச் சேர்க்கும் கட்டளை) நடந்து 5108 என்ற ஐடி உருவாகிறது. அதற்குள் இரண்டாவது கவுண்டரில் பர்கூர் விவசாயியின் பெங்களூரா லோடு பதிவாகி 5109 உருவாகிறது. இப்போதுதான் முதல் கவுண்டரின் புரோகிராம் மேக்ஸ்(ஐடி) கேட்கிறது. டேபிளில் இருக்கும் பெரிய எண் 5109. அதுதான் வரும். செந்தூராவின் 640 கிலோ முதல் ரகமும் 210 கிலோ இரண்டாம் ரகமும் 5109இன் கீழ் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது கவுண்டரும் மேக்ஸ் கேட்கும், அதற்கும் 5109 வரும். முடிவில் பர்கூர்க்காரர் பேரில் இரண்டு லோடு, காவேரிப்பட்டினத்துக்காரர் பேரில் எடையே இல்லாத ஒரு வெற்று வரத்து.

இதில் மோசமான விஷயம், எங்கேயும் எரர் வராது. 5109 என்ற வரி உண்மையிலேயே இருப்பதால் ஃபாரின் கீ (குறிப்பிட்ட ஐடி உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டுப்பாடு) எதுவும் சொல்லாது. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது மொத்த எடையும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் ஒரு கிலோகூடக் காணாமல் போகவில்லை. பணம் மட்டும் ஆள் மாறிப் போகும். விவசாயி சீட்டோடு வந்து கேட்டால்தான் தெரியும்.

உங்கள் கணினியில் நீங்கள் மட்டும் டெஸ்ட் செய்யும்போது இது ஒருநாளும் நடக்காது. மேக்ஸ் முறை இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணமே அதுதான்.

டிரான்சாக்ஷனுக்குள் வைத்து மேக்ஸ் கேட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. டிரான்சாக்ஷன் என்பது பல கட்டளைகளை ஒரே வேலையாகக் கட்டுவது; கமிட் என்றால் அதை உறுதிசெய்வது, ரோல்பேக் என்றால் கைவிடுவது. மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறையான இன்னோடிபியில் ஐசோலேஷன் (ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவருக்கு எவ்வளவு தெரியும் என்ற அமைப்பு) 'ரிப்பீட்டபிள் ரீட்' என்றே இருந்தாலும், டேபிளின் நிலையைப் படம் பிடிப்பது டிரான்சாக்ஷன் தொடங்கும்போது அல்ல, அதற்குள் முதல் செலக்ட் ஓடும்போது. நீங்கள் இன்சர்ட் செய்து, அடுத்து செலக்ட் மேக்ஸ் போடுவதற்குள் பக்கத்துக் கவுண்டர் கமிட் செய்துவிட்டால் அவர்கள் வரியும் உங்கள் படத்தில் விழும்.

டேபிளையே பூட்டிவிட்டு மேக்ஸ் கேட்டால் சரியான விடை வரும். ஆனால் அந்த நேரம் மற்ற எல்லாக் கவுண்டரும் காத்து நிற்கும். வெளியே டெம்போ வரிசை நிற்கிற நாளில் அதை ஏற்க முடியாது. தேவையும் இல்லை, எல்லா டேட்டாபேஸிலும் இதற்கென்றே வழி இருக்கிறது.

மைஎஸ்கியூஎல்லில் சரியான வழி என்ன?

லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி(). இன்சர்ட் செய்த அதே கனெக்ஷனில், அடுத்த கட்டளையாக:

இன்சர்ட் இன்டு வரத்து (விவசாயி_ஐடி, ரகம்) வேல்யூஸ் (212, 'செந்தூரா');
செலக்ட் லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி();

இந்த மதிப்பை ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனித்தனியாக சர்வர் வைத்திருக்கிறது. பக்கத்துக் கவுண்டர் நடுவில் நூறு வரி சேர்த்தாலும் உங்களுக்கு உங்கள் ஐடிதான் வரும். பூட்டு வேண்டாம், காத்திருப்பும் இல்லை. டிரிக்கர் (வரி சேரும்போது தானாக ஓடும் கட்டளை) ஒன்று வேறொரு டேபிளில் வரி சேர்த்தாலும் கவலையில்லை, டிரிக்கர் முடிந்ததும் பழைய மதிப்பே திரும்ப வைக்கப்படும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. 'அதே கனெக்ஷன்' என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கனெக்ஷன் பூல் (திறந்து வைத்த பல கனெக்ஷன்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு) பயன்படுத்தும் புரோகிராமில் இன்சர்ட் ஒரு கனெக்ஷனிலும் அடுத்த செலக்ட் இன்னொன்றிலும் போகலாம். அப்போது 0 வரும், அல்லது அந்தக் கனெக்ஷனில் எப்போதோ சேர்த்த யாருடைய ஐடியோ வரும். இரண்டு கட்டளைகளுக்கும் ஒரே கனெக்ஷனைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, உங்கள் மொழியின் டிரைவர் (டேட்டாபேஸோடு பேசும் இணைப்பு மென்பொருள்) இன்சர்ட்டின் பதிலோடு தரும் ஐடியையே எடுத்துக்கொள்வது.

எந்த மொழியில் எதைக் கூப்பிட வேண்டும்?

பிஎச்பியில் பிடிஓ என்றால் லாஸ்ட்இன்சர்ட்ஐடி(), மைஎஸ்கியூஎல்ஐ என்றால் இன்சர்ட்_ஐடி. லாராவெலில் இன்சர்ட்கெட்ஐடி(). பைத்தானில் கர்சரின் லாஸ்ட்ரோஐடி. நோடில் மைஎஸ்கியூஎல்2 தரும் ரிசல்ட்டில் இன்சர்ட்ஐடி. ஜாவாவில் ஸ்டேட்மென்ட் தயாரிக்கும்போதே ரிட்டர்ன்_ஜெனரேட்டட்_கீஸ் என்று கேட்டுவைத்து, பிறகு கெட்ஜெனரேட்டட்கீஸ்(). ஜாங்கோவில் சேவ் செய்ததும் அந்த ஆப்ஜெக்ட்டின் பிகேயில் ஐடி வந்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு: போஸ்ட்கிரெஸ்ஸுக்கான சைகாப்ஜி2 டிரைவரின் லாஸ்ட்ரோஐடி இதற்கு உதவாது. அங்கே கீழே சொல்லும் ரிட்டர்னிங் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஒரே இன்சர்ட்டில் பல வரிகள் சேர்த்தால் எந்த ஐடி வரும்?

மைஎஸ்கியூஎல்லில் முதல் வரியின் ஐடி. கடைசி வரியின் ஐடி வரும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வேல்யூஸில் நான்கு வரிகள் கொடுத்து 901 வந்தால், உங்கள் வரிகள் 901, 902, 903, 904. எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்த இப்படிப்பட்ட இன்சர்ட்டுக்கு இன்னோடிபி தொடர் எண்களையே தருகிறது, ஆட்டோ இன்க்ரிமென்ட் (ஐடி தானாக ஏறும் வசதி) ஒன்று ஒன்றாக ஏறும்படி அமைத்திருக்கும் வரை. 'இன்சர்ட் செலக்ட்' மூலம் வேறு டேபிளிலிருந்து மொத்தமாகக் கொட்டும்போது இந்தத் தொடர்ச்சியை நம்ப வேண்டாம். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் இருக்கும் இயல்பான பூட்டு அமைப்பில் இடையில் மற்றவர்களின் எண்களும் கலக்கலாம்.

போஸ்ட்கிரெஸ்ஸில்?

எனக்கு மிகவும் பிடித்த வழி இங்கேதான் இருக்கிறது. இன்சர்ட்டின் வாலிலேயே கேட்டுவிடலாம்:

இன்சர்ட் இன்டு வரத்து (விவசாயி_ஐடி, ரகம்) வேல்யூஸ் (212, 'செந்தூரா') ரிட்டர்னிங் ஐடி;

தனியாக இன்னொரு கேள்வி இல்லை, கனெக்ஷன் மாறிவிடுமோ என்ற பயமும் இல்லை. ஐடி மட்டுமல்ல, டீஃபால்ட்டாக விழுந்த நேரம், டிரிக்கர் கணக்கிட்ட தொகை என்று டேபிளின் எந்தக் காலத்தையும் (column, அதாவது பத்தி) இப்படி வாங்கலாம். 2006இல் வந்த 8.2 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. மரியாடிபி 10.5 பதிப்பிலிருந்தும், எஸ்கியூலைட் 2021இல் வந்த 3.35 பதிப்பிலிருந்தும் இதே வசதியைத் தருகின்றன. மைஎஸ்கியூஎல்லில் இது இல்லை. மரியாடிபியில் எழுதிப் பழகியவர்கள் சர்வர் மாற்றும்போது இதில் அடிபடுகிறார்கள்.

பல வரிகளைச் சேர்க்கும்போது ஐடியோடு அந்த வரியை அடையாளம் காட்டும் இன்னொரு காலத்தையும், உதாரணமாகச் சீட்டு எண்ணையும், ரிட்டர்னிங்கில் சேர்த்து வாங்குங்கள். பதில் வரும் வரிசையை நம்புவதைவிட அது நல்லது.

எஸ்கியூஎல் சர்வரில் மூன்று நான்கு வழி சொல்கிறார்களே?

ஆமாம், அங்கேதான் குழப்பம் அதிகம். @@ஐடென்டிட்டி உங்கள் கனெக்ஷனில் கடைசியாக உருவான ஐடியைத் தரும், அது எந்த டேபிளாக இருந்தாலும். வரத்து டேபிளுக்கு ஒரு டிரிக்கர் வைத்து, 'யார் எப்போது சேர்த்தார்' என்று இன்னொரு டேபிளில் பதிவுசெய்தால், @@ஐடென்டிட்டி அந்த இன்னொரு டேபிளின் எண்ணைக் கொடுத்துவிடும். ஒழுங்காக ஓடிய புரோகிராம், யாரோ டிரிக்கர் சேர்த்த மறுநாள் தப்பாக ஓடத் தொடங்குவது இப்படித்தான். ஸ்கோப்_ஐடென்டிட்டி() நீங்கள் எழுதிய கட்டளையின் எல்லைக்குள் உருவானதை மட்டும் தருகிறது, டிரிக்கருக்குள் நடந்ததைப் பார்க்காது. ஐடென்ட்_கரன்ட்('வரத்து') யார் சேர்த்தாலும் அந்த டேபிளின் கடைசி எண்ணைத் தரும். மேக்ஸ் முறையின் அதே ஆபத்து அதிலும் உண்டு.

ஒரு வரி சேர்க்க ஸ்கோப்_ஐடென்டிட்டி() போதும். பல வரிகள் என்றால் அவுட்புட் இன்சர்ட்டட்.ஐடி. டேபிளில் டிரிக்கர் இருந்தால் அவுட்புட்டை ஒரு டேபிள் வேரியபிளுக்குள் இன்டு செய்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எரர் வரும்.

ஆரக்கிள்?

ரிட்டர்னிங் ஐடி இன்டு என்று ஒரு வேரியபிளில் வாங்கலாம். சீக்வென்ஸ் (வரிசை எண் தரும் தனி அமைப்பு) பயன்படுத்தினால் நெக்ஸ்ட்வேல் முன்பே எடுத்துக்கொண்டு இரண்டு டேபிளிலும் அதையே எழுதலாம். தானாக ஏறும் ஐடென்டிட்டி காலம் 12சி பதிப்பில்தான் வந்தது.

மொபைல் ஆப்பில் எஸ்கியூலைட் வைத்திருக்கிறேன். அதில்?

லாஸ்ட்_இன்சர்ட்_ரோஐடி(). ஆண்ட்ராய்டில் இன்சர்ட் மெத்தட் தானே ஐடியைத் திருப்பித் தருகிறது, தவறினால் -1. அந்த -1ஐப் பார்க்காமல் அடுத்த டேபிளில் அப்படியே எழுதிவிடாதீர்கள். ஒரே கனெக்ஷனைப் பல திரெட்கள் பகிர்ந்துகொண்டால் இந்த மதிப்பையும் நம்ப முடியாது.

இன்னொன்று, ஆட்டோஇன்க்ரிமென்ட் என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் எஸ்கியூலைட் 'இருப்பதில் பெரிய எண் கூட்டல் ஒன்று' என்றே அடுத்த ஐடியைப் போடும். கடைசி வரியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் அழித்த வரியின் ஐடியே மறுபடி வரும். பழைய எடைச்சீட்டு ஒருவர் கையிலும், அதே எண்ணில் புதுச் சீட்டு இன்னொருவர் கையிலும் இருக்கும். சீட்டில் ஐடியை அச்சிடுவதாக இருந்தால் ஆட்டோஇன்க்ரிமென்ட் போட்டுவிடுங்கள்.

ஐடி கேட்டால் 0 வருகிறது. ஏன்?

பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். அந்த டேபிளில் ஆட்டோ இன்க்ரிமென்ட் காலமே இல்லை. அல்லது ஐடியை நீங்களே இன்சர்ட்டில் கொடுத்திருக்கிறீர்கள், அப்போது டேட்டாபேஸ் எதையும் உருவாக்கவில்லை. அல்லது கனெக்ஷன் மாறிவிட்டது. அல்லது இன்சர்ட் இக்னோர் போட்டு, வரி ஏற்கெனவே இருந்ததால் சேரவில்லை.

மைஎஸ்கியூஎல்ஐயில் இன்னொரு காரணம் உண்டு. இன்சர்ட்டுக்கும் இன்சர்ட்_ஐடி படிப்பதற்கும் நடுவில் வேறொரு கட்டளையை ஓட்டினால் அந்த மதிப்பு 0 ஆகிவிடும். எஸ்கியூஎல்லில் கேட்கும் லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி() அப்படி மாறாது, அடுத்த இன்சர்ட் வரை நிற்கும். எப்படியிருந்தாலும் இன்சர்ட் முடிந்த அடுத்த வரியிலேயே ஐடியை ஒரு வேரியபிளில் பிடித்து வைப்பது நல்ல பழக்கம். கமிட் செய்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஐடி வந்துவிட்டது, ஆனால் டேபிளில் போய்ப் பார்த்தால் வரி இல்லையே?

கமிட் மறந்திருப்பீர்கள். பைத்தானின் மைஎஸ்கியூஎல் கனெக்டரில் ஆட்டோகமிட் இயல்பாக அணைந்திருக்கும். லாஸ்ட்ரோஐடி சரியாக வரும், கனெக்ஷன் மூடியதும் வரி போய்விடும்.

விவசாயி ஏற்கெனவே பதிவில் இருந்தால் பழைய ஐடி, இல்லையென்றால் புது ஐடி வேண்டும். ஒரே கட்டளையில் முடியுமா?

முடியும். போன் நம்பருக்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுப்பது) இருக்கட்டும். மைஎஸ்கியூஎல்லில் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' போட்டு, அதில் ஐடி = லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி(ஐடி) என்று எழுதுங்கள். அடைப்புக்குள் மதிப்பு கொடுத்தால் அந்தச் செயல்பாடு அதையே நினைவில் வைத்துக்கொள்ளும், அதனால் பழைய வரியாக இருந்தாலும் அதன் ஐடி கைக்கு வரும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் ரிட்டர்னிங் ஐடி' என்று எழுதிவிட்டு ஐடிக்காகக் காத்திருக்காதீர்கள். வரி ஏற்கெனவே இருந்தால் வெறும் கையோடுதான் திரும்பும். அதற்குப் பதில் 'டூ அப்டேட்' போட்டுப் பெயரையோ ஊரையோ புதுப்பித்தால் ஐடி வந்துவிடும். அல்லது நத்திங் வந்த பிறகு போன் நம்பரை வைத்துத் தனியாக ஒரு செலக்ட் போடுங்கள்.

ஐடியில் நடுநடுவே எண் விட்டுப்போகிறது. யாராவது அழித்துவிட்டார்களா?

அவசியமில்லை. ரோல்பேக் ஆன இன்சர்ட் எடுத்த எண் திரும்ப வராது. மேலே சொன்ன டூப்ளிகேட் கீ முறையில் பழைய வரியே இருந்தாலும் இன்னோடிபியின் எண் ஒன்று ஏறிவிடும். எஸ்கியூஎல் சர்வர் 2012 முதல், சர்வர் திடீரென்று நின்று எழுந்தால் இன்ட் ஐடியில் ஏறக்குறைய 1000 எண்கள் ஒரேயடியாகத் தாவலாம், முன்கூட்டியே எடுத்து வைத்த எண்கள் வீணாவதால். கரண்ட் போகும் இடங்களில் இதைப் பார்த்துவிட்டு ஓனர்கள் பதறிப் போவார்கள். ஐடிக்கு ஒரே வேலை, ஒரு வரியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. தொடர்ச்சியாக இருப்பது அதன் வேலை இல்லை.

அப்படியானால் பில் நம்பராக ஐடியைப் போடலாமா?

வேண்டாம். ஜிஎஸ்டி விதி 46இன்படி இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது, அந்த நிதியாண்டுக்குள் மறுபடி வரக்கூடாது. மாங்கூழ் விற்கும் தொழிற்சாலையின் பில்லில் 1041க்குப் பிறகு 2040 வந்தால், நடுவில் இருந்த பில்கள் எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். அது நியாயமான கேள்வி.

பில் எண்ணுக்குத் தனியாக ஒரு சின்ன டேபிள் வையுங்கள்: நிதியாண்டு, கடைசி எண். பில் சேமிக்கும் அதே டிரான்சாக்ஷனில் அந்த ஒரு வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டுப் பிடித்து, ஒன்று கூட்டி, பில்லில் எழுதி, கமிட் செய்யுங்கள். பில் ரோல்பேக் ஆனால் எண்ணும் சேர்ந்து பின்வாங்கிவிடும், இடைவெளி விழாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எண் எடுக்க முடியும் என்பதால் கொஞ்சம் மெதுவாகும். பில் போடும் வேகத்துக்கு அது பொருட்டில்லை. அச்சிடுவது, எஸ்எம்எஸ் அனுப்புவது போன்றவற்றை மட்டும் அந்தப் பூட்டுக்குள் வைக்காதீர்கள்.

தோப்பிலேயே எடை போடுகிறோம், அங்கே சிக்னல் இல்லை. ஐடி எப்படி?

சர்வரை எட்டவே முடியாதபோது அது உருவாக்கும் ஐடிக்குக் காத்திருக்க முடியாது. போனிலேயே யூயூஐடி உருவாக்குங்கள். 128 பிட் நீளமுள்ள எண், இரண்டு போன்கள் ஒரே எண்ணை உருவாக்கும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. வரத்துக்கும் விவரத்துக்கும் அதே ஐடியைப் போட்டுவைத்து, ஊருக்குள் வந்து சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பலாம். மாங்கோடிபி இந்த வழியைத்தான் முதலிலிருந்தே பின்பற்றுகிறது. அதன் 12 பைட் ஆப்ஜெக்ட்ஐடியை வழக்கமாக டிரைவரே உருவாக்கி அனுப்புகிறது.

முழுக்க ரேண்டமான யூயூஐடி பதிப்பு 4ஐ இன்னோடிபியில் பிரைமரி கீயாக வைத்தால் புது வரிகள் இண்டெக்ஸ் முழுதும் சிதறி விழும், டேபிள் பெருக்கப் பெருக்க இன்சர்ட் மெதுவாகும். பதிப்பு 7இல் முன்பகுதி நேரமாக இருப்பதால் புதியவை கடைசியில் போய்ச் சேரும். 2024 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதை வரையறுத்தது. போஸ்ட்கிரெஸ் 18இல் யூயூஐடிவி7() உள்ளேயே வந்துவிட்டது. மைஎஸ்கியூஎல்லில் 36 எழுத்தாகச் சேமிக்காமல் 16 பைட் பைனரியாகச் சேமியுங்கள்.

சேமி பட்டனை அழுத்தியதும் நெட் போய்விட்டது. ஐடி வரவில்லை. மறுபடி அழுத்தலாமா?

இன்சர்ட் நடந்து, பதில் வரும் வழியில் மட்டும் அறுந்திருக்கலாம். மறுபடி அழுத்தினால் ஒரே லோடு இரண்டு தடவை ஏறும், இரண்டுக்கும் பட்டுவாடா போகும். 'ஏற்கெனவே அழுத்தினீர்களா' என்று கவுண்டரில் இருக்கும் அண்ணனிடம் கேட்பது தீர்வல்ல. கூட்ட நேரத்தில் அவருக்கு அது நினைவில் இருக்காது.

படிவம் திறக்கும்போதே ஒரு யூயூஐடியை உருவாக்கிக் கோரிக்கை எண்ணாக அனுப்புங்கள். வரத்து டேபிளில் அந்தக் காலத்துக்கு யூனிக் இண்டெக்ஸ் வையுங்கள். இரண்டாம் முறை அதே எண் வந்தால் புது வரி சேராது. விவசாயி கேள்வியில் சொன்ன அதே முறையில் பழைய வரியின் ஐடியே பதிலாகப் போகும். எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே வரத்து, ஒரே ஐடி. அந்த எண்ணைப் பட்டன் அழுத்தும்போது உருவாக்கினால் பயனில்லை, ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண் போய்விடும். சர்வரிலிருந்து ஐடி கைக்கு வந்த பிறகுதான் அடுத்த லோடுக்கான புதிய எண்ணை உருவாக்க வேண்டும்.